பூஜ்யம் என்று எழுது

ஐவரையும் சேர்த்து நாங்கள் நால்வர்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐவர்,
மருந்துக்கடை மைமு,
தவணை முடியாத லென்ஸோடு லெஹோ,
பின்னிருக்கையில்
ஃபிளாஸ்க்குக்கும் ரப்பர் பூட்ஸுக்கும் நடுவே நான்.

எஸ்தோனியாவின் தென்கோடியில்
ஊருக்கு ஒரு கருப்பேரி, ஒரு நீள ஏரி.
பெயர் வைத்தவர்களுக்கு என்ன அவசரமோ.
இவற்றில் ஏதோ ஒன்றுக்கு
வழிதவறி ஒரு செந்நாரை வந்திருக்கிறதாம்.
தெற்கே, வெயில் நாடுகளில்,
வயலோரம் நிற்குமாம்,
யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்களாம்.
இங்கே அதற்காக
ஐவர் பல்வலி என்று லீவு சொல்லியிருக்கிறார்.

முதல் கருப்பேரி: சாம்பல் நாரை ஒன்று.
நீள ஏரி: சாம்பல் நாரை இரண்டு,
துடுப்பு ஒன்று, ஆளில்லாமல்.
அடுத்த ஊரின் கருப்பேரியில்
நாணல் ஓரம் அசையாமல், ஒல்லியாக,
கழுத்தை நீட்டிக்கொண்டு
ஒரு கட்டை.
இருபது நிமிடம் பார்த்தோம்.
கட்டை என்று முதலில் சொல்ல
யாருக்கும் மனம் வரவில்லை.
ஓர் ஆலா வந்து அதன் தலையில் உட்கார்ந்து
சொல்லிவிட்டுப் போனது.

மைமு நோட்டைத் திறந்தாள்.
"செந்நாரை, பூஜ்யம். மேல்காற்று. மணி ஏழு."
"பார்க்காததை எதற்கு எழுதணும்?" என்றான் லெஹோ,
கொசுவை அடித்துக்கொண்டே.
"பார்த்ததை மட்டும் எழுதினால்
அது வராத நாளும்
நாம் வராத நாளும் ஒன்றாகிவிடும்."
பேனாவை உதறி
இன்னொரு முறை அழுத்தி எழுதினாள் அந்த வட்டத்தை.

மே மாதத்தில் இங்கே
பத்து மணிவரை வெளிச்சம் வீட்டுக்குப் போகாது.
நாணலுக்குள் பெருங்குருகு
காலி பாட்டிலில் யாரோ ஊதுவதுபோல்.
நான்காவது ஏரி. அதன் பெயர் கேட்கவேண்டாம்.
அப்போதுதான் எழுந்தது,
தாழ்ந்த சூரியனுக்குக் குறுக்கே,
சிவந்து,
மெதுவாக, இரண்டு சிறகையும் முழுசாக எண்ணி எண்ணி.
"அதுதான்!" என்று நான் கத்தியதில்
கரையிலிருந்த வாத்தெல்லாம் எழும்பிப் போயின.

காரில் பஞ்சாயத்து.
கழுத்தில் கோடு இருந்ததா?
தொங்கிய விரல்கள் எவ்வளவு நீளம்?
லெஹோ படத்தைப் பெரிதாக்கினான்,
பெரிதாக்கப் பெரிதாக்கச் சாம்பல்.
"பத்து மணி வெயிலில்
என் மூக்குகூடச் செந்நாரைதான்" என்றார் ஐவர்.
மூன்றுக்கு ஒன்று.
என் கண்ணுக்கு முன்னால் மைமு
வட்டத்தை மூடினாள்.

படகுத்துறையில் எந்தெல்
மீன் செதிள் சீவிக்கொண்டிருந்தான்.
எங்கள் கழுத்துத் தொலைநோக்கிகளை
ஏற இறங்கப் பார்த்தான்.
"அந்தப் பழுப்பு ஒல்லியையா தேடுகிறீர்கள்?
செவ்வாய்க்கிழமையே போய்விட்டதே."

யாரும் பேசவில்லை.

"மூன்று நாள் என் கொட்டகைக்குப் பின்னால்தான்.
கழுத்தே ஒரு பாம்பு,
அதற்குள் இன்னொரு பாம்பு இறங்குவதைப் பார்த்தேன்.
சீக்குக் கொக்கு என்று மீன்தலை போட்டேன்,
மதிக்கவில்லை."

"படம் எடுத்தீர்களா?" லெஹோவின் குரல் கம்மிவிட்டது.
"கொக்கையா?"

மைமுவின் பேனா
காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.
கேள்விப்பட்டதற்கு நோட்டில் கட்டம் இல்லை.
மூடிவிட்டு,
அவன் நீட்டிய புகைபோட்ட மீனை வாங்கிக்கொண்டாள்.
ஐவர் இரண்டு துண்டு தின்றார், பல்வலி மறந்து.

நான் கொட்டகைக்குப் பின்னால் போனேன்.
நாணல் ஒரு பறவை அகலத்துக்கு விலகியிருந்தது.
சேற்றில் ஒரு கால்தடம்,
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
சாம்பல் நாரையினுடையதாகவும் இருக்கலாம்.
அளக்கக் கையை வைத்தேன்.
நடுவிரல் பதிந்த இடத்தில்
தண்ணீர் ஊறத் தொடங்கியது.

ஹார்ன் அடித்தார் ஐவர்,
விடிந்தால் அவருக்குப் பேருந்து.
"வருகிறேன்" என்றேன்,
நாணலைப் பார்த்தபடி.